சனிக்கிழமை மட்டும் உண்டு

"கேட்டதைக் கேட்ட வரிசையில சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார் சின்னத்தாய் அத்தை.

சுருளிவேல் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"மொதல்ல க்ஷயம் உண்டோன்னாரு டாக்டரு. அது காசநோயின்னு எனக்குத் தெரியும்ல. இல்லைன்னேன்."

"பெறகு?"

"குஷ்டம் உண்டோன்னாரு. எம்மூஞ்சியப் பாத்தா அப்படியா இருக்குன்னு கேக்கணும்போல வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். இல்லைன்னேன்."

"பெறகு?"

"பெறகு வாய்ல நுழையாத ஒண்ணு. அபஸ்மாரமோ என்னமோ. அந்தப் பேருல எங்க குடும்பத்துல யாரும் கெடையாதுன்னேன். சிரிச்சுக்கிட்டாரு. மனுசன் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. அப்புறந்தான் வீட்டில் ஆர்க்கெங்கிலும் பிராந்து உண்டோன்னாரு."

"என்னாது?"

"பிராந்தி, கழுத. மலையாளத்தாளுக பிராந்தும்பாக."

"அத எதுக்கு அவரு கேக்குறாரு?"

"டாக்டருல்ல? எல்லாந்தான் கேப்பாக. பொய் சொல்லக் கூடாதேன்னு, உண்டுன்னேன். ஆருக்குன்னாரு. எனக்கேதான்னேன். எப்பெப்பன்னாரு. சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போடுற அன்னைக்கு மட்டும் உண்டுன்னேன். நான் என்ன மொடாக்குடியனா?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற ஆருக்குன்னாரு. உந்தம்பி சுடலையச் சொன்னேன். அவனுக்குத் தினமும் உண்டுன்னேன்."

"எந்தம்பிய எதுக்குய்யா இழுத்த?"

"கேட்டாச் சொல்ல வேணாமா? ஒருக்கா அதுலயே ஓடைப் பாலத்துல இருந்து குதிச்சுப்புட்டான்னுஞ் சொன்னேன். எங்கப்பாரப் பத்திக் கேட்டாரு. அவருக்கும் உண்டு, அதுலயேதான் போய்ச் சேந்தாருன்னேன். கடைசியாக் குட்டிக்கோன்னாரு. நம்ம பிள்ளைக்காம்! எனக்கு ரோசம் வந்துருச்சு. சின்னப் பிள்ளையில நெஞ்சுச் சளிக்கு ஒரு மூடி குடுத்தோம், அதோட சரி, இப்ப ஒண்ணுங் கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்னா சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. எங்கையப் பிடிச்சுக்கிட்டாரு. பாவமாப் பாத்தாரு. போய்க்கோன்னாரு. அம்புட்டுத்தான். நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசல தாயி, நீயே சொல்லு." கடைசி வார்த்தைகளை அவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் அழகுத்தாயைப் பார்த்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாள். ஊதவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழகுத்தாய் சுருளிவேல் மாமாவின் ஒரே மகள். போடிமெட்டிலிருந்து உடும்பஞ்சோலைக்குப் போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஏலத்தோட்டத்தில் மாமா காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒட்டி இருந்தவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் தமிழில் ஐந்தாவது வரை படித்தோம். பிறகு மலையாளப் பள்ளிக்கூடம். முதல் வருடம் முழுக்கப் பின்பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். பத்தாவது முடித்தபோது இரண்டு மொழியிலும் சண்டை போடும் அளவுக்கு அவளுக்குப் பேச வந்தது. எனக்கு இரண்டிலும் பேசாமல் இருக்கத்தான் வந்தது.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். மேற்கே மலை இறங்கினால் வரும் ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நர்சிங் பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டிருந்தாள். இடுக்கி தனி மாவட்டமான வருடம் அது. மதிப்பெண் பார்த்தார்கள், உயரம் எடை பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் தகப்பனைக் கூப்பிட்டுக் குடும்பத்தில் உள்ள நோய்களைப் பற்றி டாக்டர் விசாரித்தார். அழகுத்தாய் அப்போது வெளியே மற்ற பெண்களோடு வரிசையில் நின்றாள். அரைமணி நேரம் கழித்து நர்சிங் பள்ளியின் தலைவி சிஸ்டர் அன்னமேரி வந்து அவள் தோளில் கைவைத்து, "உனக்கு இந்த வேலை வேண்டாம் மோளே, மனசுக்குக் கஷ்டமான வேலை. வேறு ஏதாவது பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

ஏன் என்பது எங்கள் இருவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மலையாளத்தில் பிராந்து என்றால் பைத்தியம்.

அவர்கள் பிராந்தியைப் பிராண்டி என்பார்கள். பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அது தெரியும். வளர்ந்து ஆளான பிறகு போடியிலிருந்து மலை ஏறி வந்த மாமாவுக்கு, தமிழில் பேசிக் கடைசியில் 'உண்டு' போட்டால் அது மலையாளம். அந்த நம்பிக்கையில்தான் அன்று அவர் டாக்டரிடம் அவ்வளவு தாராளமாகப் பேசியிருக்கிறார்.

"போனது போகட்டும். தை மாசம் சுடலைக்கே முடிச்சிருவோம். நர்சு வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் அத்தை. சுடலை அத்தையின் தம்பி, அழகுத்தாய்க்கு முறைமாமன். சீட்டுக் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று அந்த வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

அழகுத்தாய் ஊதுகுழலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். லயத்துக் கடைசியில் உள்ள தண்ணீர்க் குழாயடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாராவாரம் சனிக்கிழமை எங்கப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்குமாம்டி" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. "சம்பளம் வாங்குன உடனே பிடிக்குமாம். எங்க மாமாவுக்குத் தினமும் பிடிக்குமாம். எனக்குச் சின்னதுல ஒரு மூடி பிடிச்சிருந்துச்சாம்."

"போய்ச் சொல்லிருவோம்" என்றேன்.

"சொல்லத்தான் போறேன். ஆனா அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தன் வாயாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா மனுசன் சோறு திங்க மாட்டாரு. நீ என்கூட வா. வந்து சும்மா நில்லு, போதும்."

சும்மா நிற்பது எனக்கு வரும். சரி என்றேன்.

மதிப்பெண் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்ததாக வீட்டில் சொன்னாள். உண்மையில் அது அவள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மறுநாள் காலை ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில் உடும்பஞ்சோலை வரை போனோம். மூட்டைகளின் மேல் சுடலை உட்கார்ந்திருந்தார். அவர்தான் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். காலை நேரமாதலால் தெளிவாக இருந்தார்.

"புத்தகம் வாங்கத்தான் போறீயா, இல்ல சண்டை பிடிக்கவா?" என்று கேட்டார்.

"ஏன் மாமா கேக்குறீக?"

"சண்டை பிடிக்கப் போறதுன்னா நல்லாப் பிடி. விட்டுக்குடுத்துட்டு வந்துராத." குனிந்து குரலைத் தணித்தார். "ஒங்காத்தாட்ட சொல்லிராத. உன்னையக் கட்டுறதுன்னா எனக்குப் பயமா இருக்கு தாயி. அஞ்சாவது படிக்கையிலயே என் கணக்கத் தப்புன்ன ஆளு நீயி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமா" என்றாள் அழகுத்தாய்.

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துச் சண்டை பிடிச்சிட்டு வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வர்க்கியின் அறை வெளித்திண்ணை போன்ற நீண்ட வராந்தாவின் கோடியில் இருந்தது. நோயாளிகள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் அன்னமேரி எங்களைப் பார்த்ததும் முகம் மாறி, கூடவே உள்ளே வந்தார். அங்கே நடந்த பேச்செல்லாம் மலையாளம். தமிழில் எழுதுகிறேன்.

"எங்க அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை டாக்டர்" என்று அழகுத்தாய் ஆரம்பித்தாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். அறுபதை நெருங்கிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். "உட்கார் மோளே. வீட்டில் உள்ளவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அது இயல்பு."

"எங்க மாமாவுக்கும் இல்லை."

"பாலத்திலிருந்து குதித்தவருக்கா?"

"அவர் குடித்துவிட்டுக் குதித்தார். நீங்கள் பிராந்து உண்டோ என்று கேட்டீர்கள். அப்பா பிராந்தியைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். பிராண்டி. தமிழில் அது பிராந்தி."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பாவம், எப்படியெல்லாம் யோசித்து வந்திருக்கிறது இந்தப் பெண் என்ற பார்வை அது.

"கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறாயா?" என்று டாக்டர் இன்னும் மெதுவாகக் கேட்டார்.

அவள் விளக்க விளக்க அவர் குரல் தணிந்துகொண்டே போனது. அப்பா ஸ்டோரில் பொறுப்பான வேலை பார்க்கிறார் என்றாள். "சனிக்கிழமை தவிர" என்று டாக்டர் அன்போடு சேர்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றுக் குழாயடியில் வந்த அதே சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிஸ்டர் அன்னமேரி சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். குடும்பத்தில் பைத்தியம் என்று சந்தேகப்படுகிற டாக்டருக்கு முன்னால் காரணமில்லாமல் சிரிக்கிற பெண்ணுக்கு யார் சீட்டுக் கொடுப்பார்கள்?

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டாள்.

"டாக்டர், நான் சொல்வதை நம்ப வேண்டாம். வராந்தாவில் மலையிலிருந்து வந்த தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள். யாரையாவது நீங்களே கூப்பிட்டு, அப்பாவிடம் கேட்ட மாதிரியே கேளுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

டாக்டர் யோசித்தார். பிடிவாதமான நோயாளிக்கு விட்டுக்கொடுப்பது போலத்தான் எழுந்து கதவருகே போனார் என்று நினைக்கிறேன். பெஞ்சின் முனையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளைக் கூப்பிட்டார். பெயர் கேட்டார். மூக்கம்மாள் என்றார். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்.

"வீட்டில் ஆர்க்கெங்கிலும் பிராந்து உண்டோ?" என்று டாக்டர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

மூக்கம்மாள் முகம் மலர்ந்தது. சிஸ்டர் நிற்பதைப் பார்த்துவிட்டு, கம்பளியை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு, டாக்டர் பக்கம் குனிந்தார்.

"இங்கனயே குடுப்பீகளா சாமி?" என்றார். "ஒரு மூடி ஊத்துங்க. ஒங்க செவப்பு மருந்துக்கு இந்த இருமல் மசியவே மாட்டேங்குது."

டாக்டருக்குத் தமிழ் பாதிதான் புரிந்திருக்கும். மீதியை மூக்கம்மாளின் கை சொல்லிவிட்டது. நான்கு விரலை மடக்கிக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். அதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

டாக்டர் வர்க்கி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சம்பளம் போடும் நாளில் மட்டும்" என்றார். பிறகு, "ஓடைப் பாலம்" என்றார். பிறகு, "கர்த்தாவே, ஒரு மூடி!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். மூக்கம்மாள் தனக்கு மருந்து வரப்போகிறது என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

சிஸ்டர் அன்னமேரி சிரிக்கவில்லை.

"அப்படியானால் தகப்பன் குடிக்கிறான். மாமன் தினமும் குடிக்கிறான். தாத்தா குடித்தே செத்திருக்கிறான். குழந்தைக்கும் கொடுத்திருக்கிறார்கள்" என்று விரல்விட்டுச் சொன்னார். "இது பைத்தியத்தைவிட நல்லதா டாக்டர்?"

நாங்கள் யோசித்து வராத இடம் இது. பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கக் குடியை நிரூபித்துவிட்டோம். அழகுத்தாய் எழுந்து நின்றாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"சிஸ்டர், மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு வந்து பாருங்கள். ஓடு ஒழுகும், கம்பளி காயாது. குடிக்காத வீடு ஒன்று அங்கே இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கே இந்த இடத்தைக் கொடுங்கள், நான் போய்விடுகிறேன். அப்பா குடிக்கிறார். ஆனால் நீங்கள் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொன்னார். அதற்காகவா என்னை அனுப்புகிறீர்கள்?"

மூக்கம்மாள் மறுபடி இருமினார்.

"கிறிஸ்மசுக்கு எனக்கும் உண்டு சிஸ்டர்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சிஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அழகுத்தாயிடம் திரும்பி, "திங்கட்கிழமை வா. இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு போர்வை, ஒரு தட்டு" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "உன் அப்பாவைச் சனிக்கிழமை மட்டும் இங்கே வரச் சொல்லாதே!"

பஸ் ஸ்டாண்டில் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டோம். அழகுத்தாய் அதற்கு முன் நேற்று மத்தியானம் சாப்பிட்டதுதான். எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள். மலை ஏறுகிற வழியெல்லாம் ஐந்தாறு தடவை அதையே சொன்னாள். வேறு எதுவும் பேசவில்லை. மேலே வரவர ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

சிஸ்டர் மனசு மாறிவிட்டார் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். சுருளிவேல் மாமா ஆச்சரியப்படவே இல்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, டாக்டரு எங்கையப் பிடிச்சாருன்னு? உண்மையப் பேசுறவன் கையத்தான் அப்படிப் பிடிப்பாக" என்றார். சின்னத்தாய் அத்தை முதலில் முறைத்தார், பிறகு வெள்ளைச் சேலைக்கு எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தார். சேலையைப் போடிக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தவர் சுடலை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் வருடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மலம் அள்ளியும் விரிப்பு மாற்றியும் கை வெடித்துவிட்டது என்று லீவில் வந்தபோது காட்டினாள். ஆனால் டாக்டர் வர்க்கி அந்த நாளை மறக்கவில்லை. மலையிலிருந்து யார் வந்தாலும் "தமிழ்க்குட்டி எவிடே?" என்று ஆள் அனுப்புவாராம். இவள் ஈரக்கையோடு ஓடுவாளாம். இதற்கு முன் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனோ என்று ஒருமுறை அவளிடம் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லையாம்.

சரியான சொல்லைப் போட்டால் போதும் என்றுதான் அவளும் முதலில் நினைத்திருக்கிறாள். "வீட்டுல யாருக்காச்சும் பைத்தியம் உண்டா?" என்று சுத்தத் தமிழில் கேட்டாள். ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். "தூங்காம நடக்குறவக யாராச்சும் இருக்காகளா? தனக்குத்தானே பேசுறவக? சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டுப் போனவக?" என்று கேட்பாள். கேட்டு முடித்ததும், "நான் என்னா கேட்டேன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்" என்பாள். சொல்ல வைத்த பிறகுதான் பதிலை வாங்கிக்கொள்வாள். இன்றும் அப்படித்தான்.

அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது மூணாறுப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நல்லதம்பி என்று பெயர். வேலைக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். கேட்டால் "பனி தாங்கல" என்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பல மாதமாக எங்கெங்கோ அவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உடம்பைத் தொட்டால் சூடே இல்லை, ஆள் நடிக்கிறான் என்று பேச்சு. அழகுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பனி அண்ணே? மேலுக்குள்ள வர்றதா, மலையில இறங்குறதா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அழுதுவிட்டார். பனி மூடியிருந்த ஒரு காலை நேரத்தில் அவர் மனைவி கொழுந்தெடுக்கப் போன இடத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்திருக்கிறாள். அன்றிலிருந்து பனி இறங்கினால் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. டாக்டர் வர்க்கி மருந்தை மாற்றினார். தோட்டத்து முதலாளிக்குச் சொல்லி, பனி குறைந்த கீழ்ப்பகுதியில் வேலை வாங்கித் தந்தார்கள். இப்போதும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அழகுத்தாய்க்கு ஒரு பை கேரட்டு கொண்டுவருகிறார்.

அதற்குப் பிறகுதான் மனநோய் நர்சிங் படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், அவள் பெங்களூர் போனதும். குடும்பத்தில் பிராந்து இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய பெண்ணை அந்தப் படிப்புக்கே அனுப்பச் சிபாரிசு எழுதியவர் சிஸ்டர் அன்னமேரி. படித்து முடித்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மனநோயாளிகளுக்கென்று அங்கே புதிதாக ஒரு சிறிய வார்டு திறந்திருக்கிறார்கள். அது அவள் பொறுப்பு. முதல் வருட மாணவிகளுக்கு நோயாளியை விசாரிக்கும் முறையையும் அவள்தான் நடத்துகிறாள். முதல் வகுப்பில் அவள் மூக்கம்மாளைப் போல நடித்துக் காட்டுவாள் என்று கேள்வி. கல்யாணமும் ஆகிவிட்டது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவரோடு. சுடலை தாய்மாமன் முறைக்கு மாலை போட்டுவிட்டு, அன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தார்.

சுருளிவேல் மாமா போன மழையில் காலமானார். நெஞ்சுவலி, குடியால் இல்லை. கடைசி வரை அவருக்கு விஷயம் தெரியாது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அழகுத்தாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மகள் நர்சான கதையை அவர் சாலையோர டீக்கடையில் சொல்லாத வாரம் கிடையாது. க்ஷயத்தில் தொடங்கி வரிசை தப்பாமல் சொல்வார். "சனிக்கிழமை மட்டும் உண்டுன்னேன்" என்ற இடம் வந்ததும் தொடையைத் தட்டுவார். அந்தக் கடைக்கு மலையாளம் மட்டும் தெரிந்த லாரிக்காரர்களும் வருவார்கள், இரண்டும் தெரிந்தவர்களும் வருவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகிவிட்ட நான், வேலை விட்டு அந்த வழியாக வரும்போது மாமாவின் குரல் கேட்டால் ஒதுங்கி நின்றுவிடுவேன். எதற்குமே பல்லைக் காட்டாத டீச்சர் அந்தக் கதைக்கு மட்டும் ஏன் ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்கிறாள் என்று பலர் கேட்டதுண்டு. நான் பதில் சொன்னதில்லை.

அவள் நர்சிங் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட அந்தத் திங்கட்கிழமை காலை, டிரங்குப் பெட்டியோடு ரோட்டோரம் நின்றிருந்தோம். மாமா கடைக்குள் முதல் தடவையாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஒரு மலையாளி டிரைவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு மாமாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு லேசாகக் கோணியது. பஸ் வளைவில் வரும் சத்தம் கேட்டது. அழகுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வராதுன்னு தெரியும். ஆனாலும் எனக்காகச் செய்டி" என்றாள். "அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் புரிஞ்சவன் எவனாச்சும் சிரிக்க வாயைத் தொறந்தா, நீ முந்திச் சிரிச்சிரு. சத்தமாச் சிரி. அவரு தன்னோட பேச்சுக்குத்தான் எல்லாருஞ் சிரிக்கிறாகன்னு நெனைக்கணும்."